மூன்று சுற்றுக்குச் சேர்த்து வைத்த மின்சாரம்

பெட்டி நின்றுபோகவில்லை. கலியமூர்த்தியின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட அந்தச் சின்ன உலோகப் பெட்டி இன்னும் வேலை செய்யும் நிலையில்தான் இருக்கிறது. அதற்குள் இருக்கும் பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் உள்ளது. நேற்று மாலை தொலைபேசியில் இதைச் சொன்னவர், சென்னையில் அதை அவருக்குப் பொருத்திய மருத்துவர். இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டேன். "பாதிக்கு மேல் என்று எழுதுங்கள். சரியான அளவு அறிக்கையில் வரும். அதுவரை அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்" என்றார். பிறகு அவரே, "அவர் அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுகிறீர்களா?" என்று கேட்டார்.

கலியமூர்த்தி இறந்த செய்தி எனக்கு அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. கார்த்திகையில் ஒரு காலை நேரம், அரியலூர் பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளின் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "சொல்லுங்க கலியமூர்த்தி" என்றேன். பேசியவர் அவர் மனைவி மலர்க்கொடி.

"சார், அவரு போயிட்டாருங்க. பெரம்பலூர்ல ஆஸ்பத்திரில இருக்கோம். எரிக்கிறதா இருந்தா பொட்டிய எடுத்துடணும், வெடிச்சுடும்ங்கறாங்க. எடுக்கலாமா சார்? மெட்ராஸ்ல கேட்டுச் சொல்றீங்களா?"

அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

குன்னம் வட்டாரத்தில் கிணறு வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்கள் கிணற்றில் அவர் இறங்கியிருப்பார். உங்கள் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துபோனபோது அதைச் சாக்கில் சுற்றி வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு போனவர் அவர்தான். மக்காச்சோளத்துக்குக் கடைசித் தண்ணீர் விட வேண்டிய வாரத்தில் அவர் வீட்டு வாசலில் காத்திருந்தவர்கள் நீங்கள். ஒரு கோடையில் அப்படி ஒரு கிணற்றில் இறங்கும்போது படிக்கல் பெயர்ந்து, தண்ணீர் வற்றிக் கிடந்த பாறையில் முதுகு அடிபட விழுந்தார். இடுப்புக்குக் கீழே எதுவும் அவருடையதாக இல்லாமல் போயிற்று. அதையும் அறிவீர்கள். அதற்குப் பிறகு நடந்தது சிலருக்குத்தான் சரியாகத் தெரியும். தெரிந்தவர்களும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதுகுத்தண்டில் அடிபட்டால் மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேராது. ஆனால் அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள நரம்புகள் செத்துவிடுவதில்லை. சொல்ல ஆளில்லாமல் கிடக்கின்றன. தண்டுவடத்தின் மேல் மெல்லிய கம்பிகளை வைத்து, வயிற்றின் ஓரத்தில் தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, அதிலிருந்து மின்துடிப்பு அனுப்பினால் சிலருக்குக் கால் விழித்துக்கொள்கிறது. எல்லோருக்கும் அல்ல. விழித்த காலும் பழைய கால் அல்ல. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் நிற்க, மெதுவாகச் சில அடிகள் வைக்கலாம். தினமும் பழகினால் இன்னும் சில. சென்னையில் ஒரு மருத்துவமனை ஆராய்ச்சியாக இதைச் செய்தது. அதில் சேர்க்கப்பட்டவர்களில் கலியமூர்த்தி ஒருவர்.

பெட்டி வைத்த பிறகு முதல் முறையாக அவரைப் பார்க்கப் போனது செய்திக்காகத்தான். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் குன்னத்தில் இறங்கி, அங்கிருந்து ஒரு டூவீலரில் போனேன். வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் போட்ட களம். களத்தின் ஓரத்தில் சின்ன வெங்காயத்தைக் காற்றாடக் குவித்துப் பட்டறை போட்டிருந்தது. நடுவில் வாக்கரோடு அவர். இடது பக்கம் அவருடைய சித்தப்பா மகன் பெரியசாமி, விழுந்தால் பிடிக்கத் தயாராகக் கைகளை விரித்தபடி. மலர்க்கொடி பெட்டியை இயக்கும் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினார். கலியமூர்த்தியின் முகம் மாறியது. வலது முழங்கால் ஒரு முறை நடுங்கியது, பிறகு மேலே வந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தன் காலை அப்படிப் பார்க்கும் மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வாசலில் வந்து நிற்கும் அந்நியரைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நான் நடக்கல சார். எனக்குள்ள இருந்து யாரோ நடக்கறாங்க. நான் கூடப் போறேன்."

அந்த வாக்கியத்தைத்தான் செய்திக்குத் தலைப்பாகப் போட்டேன். அதை வெட்டி வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பிறகு அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அது என் கண்ணில் படும். இனி நான் போனாலும் படும்.

அவருக்கு எதற்காக நடக்க வேண்டியிருந்தது என்பதை அன்று நான் கேட்கவில்லை. நடக்க முடியாதவர் நடக்க ஆசைப்படுவதற்குக் காரணம் எதற்கு என்று நினைத்தேன். காரணம் இருந்தது. அதை அடுத்த முறை போனபோது, வெயில் தணிந்த பிறகு, கட்டிலில் சாய்ந்தபடி அவரே சொன்னார்.

அவர் கிணற்றில் விழுந்த அடுத்த ஆண்டு அவர் அப்பா இறந்தார். கலியமூர்த்தி ஒரே மகன். மகன் தோளில் தண்ணீர்ப் பானையோடு சிதையை மூன்று முறை சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வருகிறவர் பானையில் ஒரு துளை போடுவார். மூன்றாவது சுற்று முடிந்ததும் பானையைப் பின்பக்கமாகப் போட்டு உடைக்க வேண்டும். கலியமூர்த்தியைச் சுடுகாட்டுக்குக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிப் போனார்கள். பானையை அவர் மார்பில் வைத்து, நாலு பேர் கட்டிலோடு சுற்றினார்கள்.

"தண்ணி பூரா என் மேலயே ஊத்திருச்சு சார். மூஞ்சி, கழுத்து எல்லாம். தொடைக்கக் கை வரல, பானையப் பிடிச்சிருக்கேன்ல. எங்க தூரத்து மாமா ஒருத்தரு செந்துறைலேருந்து பஸ் புடிச்சு லேட்டா வந்தாரு. வந்தவரு மாலையோட நேரா என் கட்டிலுக்கு வந்துட்டாரு. எது பொணம்னு தெரியல அவருக்கு. நான், 'மாமா, அது அங்க'ன்னேன். மனுசன் அலறிட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பெரியசாமியும் சிரித்தார். மலர்க்கொடி சிரிக்கவில்லை, உள்ளே போய்விட்டார்.

"அம்மாவுக்கு அப்படிச் சுத்த மாட்டேன் சார்" என்றார் கலியமூர்த்தி. "அம்மாவுக்கு நின்னு சுத்தணும். மூணே சுத்து. அதுக்குத்தான் முதுகக் கீறிக்கிட்டேன். டாக்டரம்மாகிட்ட இதச் சொல்லல. பைத்தியம்னு சேக்காம விட்டுட்டா?"

அவருடைய அம்மா அஞ்சலை அப்போது கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மக்காச்சோளக் கதிர் உதிர்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்: "பெரியசாமி கொள்ளி வச்சா நான் போய்ச் சேராம எங்க போயிடப் போறேன்? சொன்னா கேக்கறானா தம்பி இவன்."

"நீ சும்மா இரும்மா. ஒன் வேல போறது. சுத்தறது என் வேல."

பானையை எப்படிச் சுமப்பது என்பதுதான் அவருக்கு அடுத்த கவலை. இரண்டு கையும் வாக்கரில் இருக்கும். தோளில் பானை நிற்காது. வாக்கரின் முன்பக்கம் இடது மூலையில் பானை உட்காரும்படி ஒரு இரும்பு வளையத்தைத் தாமே வெல்டிங் வைத்தார். துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும்போது ரிமோட் நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறை. "தோள்ல வைக்கலன்னா ஒத்துக்குவாங்களா சார்?" என்று என்னைக் கேட்டார். ஊரில் விசாரித்துச் சொன்னேன். தோளைத் தொட்டபடி இருந்தால் போதும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். வளையத்தை உயரமாக்கினார்.

பிறகு ஒத்திகை. இதை நான் கண்ணால் பார்த்தேன். பார்க்காமல் யாராவது சொல்லியிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அறுவடை முடிந்து களம் காலியாக இருந்த ஒரு பிற்பகல். எவ்வளவு பெரிய வட்டம் வரும் என்று தெரிய வேண்டுமென்று, களத்தின் நடுவில் ஒரு கட்டிலைப் போடச் சொன்னார். வெறும் கட்டில். அஞ்சலை பார்த்துக்கொண்டே இருந்தவர், எழுந்து வந்து அதில் ஏறிப் படுத்துவிட்டார்.

"ஆள் இல்லாம அளவு எப்படித் தெரியும்? என்னையச் சுத்திப் பாருடா."

மலர்க்கொடி, "அய்யோ, என்ன அத்த இது, எந்திரிங்க" என்று ஓடிவந்தார். பெரியசாமி தலையில் அடித்துக்கொண்டார். "ஊர்ல எவனாவது பாத்தான்னா என்ன சொல்வான்? திருவிழா நாடகத்துக்கு ஒத்திக பாக்கற மாதிரி இருக்கு. அண்ணே, வேணாம்ண்ணே."

"எவன் பாக்கறான்? கொல்லக் கதவச் சாத்து" என்றார் கலியமூர்த்தி.

ரிமோட்டை அழுத்தினார்கள். வளையத்தில் பானை, பானை நிறையத் தண்ணீர். இடப் பக்கமாகச் சுற்றத் தொடங்கினார். வாக்கரின் ரப்பர் அடி சிமெண்டில் பதியும் சத்தம், பிறகு ஒரு கால் இழுபடும் சத்தம், பிறகு இன்னொரு கால். கட்டிலின் தலைமாட்டுக்கு வந்தபோது அஞ்சலை கேட்டார்: "கண்ண மூடிக்கட்டுமாடா?"

"மூடாதம்மா. பயமா இருக்கு."

அவர் மூடவில்லை. மகன் சுற்றும் பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் பாதி வந்தபோது, கட்டிலின் கால்மாட்டில், கலியமூர்த்தி நின்றுவிட்டார். முடியவில்லையோ என்று பெரியசாமி கையை நீட்டினார். "முடியுது. போதும். நிறுத்து மலரு" என்றார். "வருதுன்னு தெரிஞ்சுபோச்சு. இதுக்கு மேல சுத்துனா கரண்ட்டு வேஸ்ட்டு."

அந்த வார்த்தையின் பொருள் எனக்கு அன்று முழுதாக விளங்கவில்லை. சில மாதங்கள் கழித்து மருத்துவரே என்னை அழைத்துக் கேட்டார்: கலியமூர்த்தி பயிற்சியைக் குறைத்துக்கொண்டாரா? உள்ளே இருக்கும் பெட்டி எவ்வளவு நேரம் ஓடியது என்பது அவர் பரிசோதனைக்கு வரும்போது தெரிந்துவிடுகிறது. மிகக் குறைவாக இருக்கிறது. நான் குன்னம் போனேன். கலியமூர்த்தி மறைக்கவில்லை.

"சேத்து வைக்கிறேன் சார்."

அது சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரி அல்ல. ஓட ஓடத் தீரும். தீர்ந்தால் மறுபடி கீறி வேறு பெட்டி வைக்க வேண்டும். ஆராய்ச்சித் திட்டம் அதற்குள் முடிந்திருந்தது. முடிந்த பிறகு மாற்றித் தருவோம் என்று உறுதி சொல்லும் அதிகாரம் தனக்கு இல்லை என்று மருத்துவர் அவரிடம் நேர்மையாகச் சொல்லியிருந்தார். கலியமூர்த்தி அதைப் பிடித்துக்கொண்டார். மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரம்தான் வரும் ஊரில் வேலை பார்த்தவர். மின்சாரம் என்பது வரும்போது வருவது, போனால் போனது. தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டார் ஓடினால் எரிந்துபோகும் என்று உங்களில் எத்தனையோ பேரைத் திட்டியவர். பயிற்சிக்காக நடப்பது அவருக்கு அப்படித்தான் தெரிந்தது: பாய்ச்சலுக்குத் தண்ணீர் வராமல் மோட்டார் சும்மா ஓடுவது.

நான் மருத்துவரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அந்த உரையாடல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"கலியமூர்த்தி, நரம்பு மோட்டார் இல்லை" என்றார் மருத்துவர். "மோட்டார் சும்மா ஓடினால் எரியும். நரம்பு சும்மா இருந்தால்தான் வீணாகும். நீங்கள் தினமும் நடந்தால்தான் அன்றைக்கு நடக்க முடியும். எப்போதும் படுத்தே இருந்தால் சதை கரையும், புண் வரும்."

"சரிங்கம்மா. தெனமும் நடந்தா பொட்டி எத்தன வருசம் வரும்?"

"அது எப்படி ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. சில வருடம்."

"எங்கம்மா எத்தன வருசம் இருப்பாங்க?"

"அதை யாரால் சொல்ல முடியும்?" என்றார் மருத்துவர்.

"பாத்தீங்களா? ரெண்டுக்கும் கணக்குச் சொல்ல முடியல உங்களால. நான் என்ன பண்ணட்டும்?"

அஞ்சலை உள்ளிருந்து குரல் கொடுத்தார்: "நான் வேணா சீக்கிரம் போகப் பாக்கறேன்னு அந்தம்மாகிட்டச் சொல்லு."

மருத்துவர் சிரித்துவிட்டார் என்று நினைக்கிறேன். தொலைபேசியில் அது வேறு மாதிரிக் கேட்டது.

அன்றிலிருந்து பயிற்சி வாரத்துக்கு ஒரு முறை என்று ஆனது. பிறகு அதுவும் இல்லை. மலர்க்கொடி கெஞ்சினார், சண்டை போட்டார். பெரியசாமி வாக்கரைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் போட்டுவிட்டுப் போவார். கலியமூர்த்தி அதன் மேல் துண்டைக் காயப்போடுவார். ஒரு தடவை நான் இருக்கும்போதே மலர்க்கொடி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒங்களக் கேக்காம அழுத்திடுவேன் பாத்துக்குங்க" என்று மிரட்டினார். "அழுத்து. காலு மட்டும் எந்திரிச்சுப் போவும். நான் இங்கயே படுத்திருப்பேன்" என்றார் அவர்.

அஞ்சலைக்கு ஒரு முறை காய்ச்சல் கடுமையாகிவிட்டது. மூச்சு வாங்கியது. சொந்தக்காரர்களுக்குத் தகவல் போய், ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்தெல்லாம் வந்துவிட்டார்கள். கலியமூர்த்தி ரிமோட்டுக்குப் புதுச் செல் வாங்கிவரச் சொன்னார். வாக்கரைத் துடைக்கச் சொன்னார். வேட்டி எடுத்து வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் அஞ்சலை கண் விழித்துக் கஞ்சி கேட்டார்.

அதற்கடுத்த வாரம் நான் போனபோது கலியமூர்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், அம்மா கண்ணத் தொறந்தப்ப எனக்கு ஒரு நிமிசம் சந்தோசம் வரல. காலு அப்ப நல்லா இருந்துச்சு சார். இப்ப போயிருந்தா சுத்தியிருப்பேனேன்னு ஓடுச்சு மனசுல. பெத்தவள அப்படி நெனைக்கலாமா ஒருத்தன்?"

அம்மாவுக்குத் தெரியாதே, விடுங்கள் என்றேன்.

"நானே சொல்லிட்டேன். 'தெரியும்டா, ஒம் மூஞ்சிலயே தெரிஞ்சுது'ன்னுட்டாங்க. 'நானும் ஒனக்காகப் போலாம்னுதான் பாத்தேன், முடியல'ங்கறாங்க."

அவர் சொன்னவற்றில் என்னை விட்டு அகலாதது இதுதான். ஒருவர் மற்றவருக்காகச் சாவதும், மற்றவர் அந்தச் சாவுக்காக நடையை மிச்சம் பிடிப்பதும் அந்த வீட்டில் சாதாரணப் பேச்சாக இருந்தது. அந்தப் பேச்சுக்கு நடுவில் வெங்காயம் ஆய்ந்தார்கள், ரேஷனுக்குப் போனார்கள். அவர்களுக்குள் இருந்த அன்பைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும் கடினமாக இருந்தது.

இடுப்பில் படுக்கைப்புண் வந்தது அதற்குப் பிறகு. உணர்ச்சி இல்லாத இடம் என்பதால் அவருக்குத் தெரியவில்லை. மலர்க்கொடி பார்த்தபோது ஆழமாகிவிட்டிருந்தது. ரத்தத்தில் கிருமி பரவி, பெரம்பலூரில் சேர்த்தார்கள். அவர் இறந்தது அந்தக் கிருமித் தொற்றால். பயிற்சியை விட்டதால்தான் புண் வந்தது என்று நான் எழுத மாட்டேன். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. நடந்துகொண்டிருந்தவர்களுக்கும் வருவதுண்டு என்றுதான் சொன்னார். படுத்தே இருப்பவர்களுக்கு அதிகம் வரும் என்பதையும் சொன்னார்.

கடைசி நாள் பற்றி மலர்க்கொடி பிறகு என்னிடம் சொன்னது இது. காலையில் அவருக்கு நினைவு இருந்தது. கால் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார் மலர்க்கொடி. நம்பவில்லை. ரிமோட்டை எடுக்கச் சொன்னார்.

"அவ்வளவு நாளு தொடவிடாதவரு சார். 'ஒருக்கா போடு மலரு, பாத்துக்கறேன்'னாரு. போட்டேன். போர்வைக்குள்ள முட்டி லேசா அசைஞ்சுது. பாத்துக்கிட்டே இருந்தாரு. நிறுத்தவான்னு கேட்டேன். வேணாம், இருக்கட்டும்னாரு. அப்படியே போயிட்டாரு. நர்ஸம்மா வந்து பாத்துட்டுச் சொன்னாங்க. நான் அதுக்கப்புறந்தான் நிறுத்துனேன். பெரியசாமி கால் கட்டவிரல் ரெண்டையும் சேத்துக் கட்ட வந்தப்ப, 'இருப்பா, நிறுத்திக்கறேன்'னு சொல்லி நிறுத்துனேன். அவரு போனது தெரியாது பாருங்க அதுக்கு."

மருத்துவர் சரி என்றதும் பெட்டியை எடுத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டு உடலைக் கொடுத்தார்கள். கம்பிகளை எடுக்கவில்லை. அவை அவரோடு போயின.

அவருக்கு மகன் இல்லை. பெரியசாமிதான் பானை எடுத்தார். தெருமுனை வரை அஞ்சலையை அழைத்து வந்திருந்தார்கள். பெண்கள் அதற்கு மேல் வருவதில்லை. அவர் அழவில்லை. பெரியசாமியை அருகே கூப்பிட்டு, "வேகமா சுத்திடாதடா. அவன் நடக்கற மாதிரி மெதுவாச் சுத்து" என்று மட்டும் சொன்னார்.

பெரியசாமி மெதுவாகத்தான் சுற்றினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலை வைத்து, நிறுத்தி, இன்னொரு காலை வைத்தார். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. இரண்டாவது சுற்றில் பாதி வந்தபோது, சிதையின் கால்மாட்டில், அவர் நின்றுவிட்டார். தோளில் பானை, துளையிலிருந்து தண்ணீர் முதுகில் ஒழுகிக்கொண்டிருந்தது. பின்னால் வந்தவர், "போங்க, போங்க" என்றார். கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு மிச்சத்தைச் சுற்றி முடித்தார்.

திரும்பி வரும்போது என் பக்கத்தில் நடந்து வந்தார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். "நானா நிக்கல சார். அங்க வந்ததும் பக்கத்துல அண்ணன் நிக்கற மாதிரி இருந்துச்சு. 'போதும்'னு கேட்டுச்சு."

காதில் கேட்டதா என்றேன். நிருபர்கள் இப்படித்தான் கேட்போம்.

"கேட்டுச்சு சார்" என்றார்.

நேற்று மருத்துவரிடம் பேசிய பிறகு, இன்று காலை குன்னம் போய் அஞ்சலையிடம் செய்தியைச் சொன்னேன். பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது என்றேன்.

"மூணு சுத்துக்குக் காணுமா தம்பி?"

போதும், அதற்கு மேலேயும் காணும் என்றேன்.

"சொன்னேன்ல, சரியாத்தான் சேத்து வச்சிருப்பான்" என்றார் மருமகளிடம். மகன் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டான் என்று கேட்ட தாயின் முகம் அது. மலர்க்கொடி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கையில் ரிமோட் இருந்தது. தினமும் ஒரு முறை அழுத்திப் பார்க்கிறாராம். பெட்டி பக்கத்தில் இல்லை என்பதைக் காட்டும் சிவப்புக் குறி வரும். வந்ததும் அணைத்துவிடுவார். ஏன் என்று கேட்டேன். "ஒரு நாளைக்குப் பச்ச வந்துடுமோன்னு பயமாத்தான் இருக்கு. ஆனா பாக்காம இருக்க முடியல" என்றார்.

களத்தில் வாக்கர் நிற்கிறது. இரும்பு வளையம் லேசாகத் துருப்பிடித்திருக்கிறது.

கலியமூர்த்தியிடமிருந்து என்னிடம் இருப்பது ஒன்றுதான். அந்த ஒத்திகை நாளில் பேட்டிக்காகக் கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு அணைக்க மறந்துவிட்டேன். அதில் பேட்டி இல்லை. ரப்பர் பதியும் சத்தம், கால் இழுபடும் சத்தம், பானைத் தண்ணீர் தளும்புவது, "கண்ண மூடிக்கட்டுமாடா" என்று ஒரு குரல், "மூடாதம்மா" என்று ஒரு குரல், மறுபடி ரப்பர், மறுபடி கால். பிறகு "போதும்". வேலையாகப் பஸ்ஸில் போகும்போது சில நாள் அதைக் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது இன்னும் ஒரு அடி கேட்கும் என்று காத்திருக்கிறேன்.

இன்னும் முடியாதது ஒன்று உண்டு. அஞ்சலை பெட்டியைத் திருப்பிக் கேட்கிறார். தனக்குச் சுற்றும்போது அந்த வாக்கரைப் பெரியசாமி தள்ளிவர வேண்டும், வளையத்தில் பானையோடு பெட்டியும் இருக்க வேண்டும், சுற்றி முடித்ததும் எரிக்காமல் அதைத் தனியாகப் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். "அவன் சேத்ததுல அவனே சுத்துன மாதிரி ஆயிடும்" என்கிறார். உடலிலிருந்து எடுத்த கருவியைக் குடும்பத்துக்குக் கொடுக்கலாமா என்பதை மருத்துவமனையின் நெறிமுறைக் குழுதான் முடிவு செய்ய வேண்டும். மலர்க்கொடி கைநாட்டு வைத்த மனு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதை மருத்துவர் உறுதி செய்தார். பெட்டியின் முழு அறிக்கையும் அதே கூட்டத்துக்கு வருகிறது. குழு பொங்கல் கழித்துக் கூடும். தை மாதக் கடைசிக்குள் பதில் எதிர்பார்க்கலாம் என்றார். அதை அஞ்சலையிடம் சொன்னேன்.

"அது வரைக்கும் இருந்துக்கறேன்" என்றார்.